புதுத் தீர்மானத்துக்கு முன் பழைய நோட்டு: இலக்கு வைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரிமங்கலம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். குரூப் 4 அரசுத் தேர்வு, போலீஸ் வேலை, ஐடிஐ சேர்க்கை, ஓசூர் கம்பெனிகளுக்கு பயோடேட்டா என்று சுத்துப்பட்டு ஆசைகளில் பாதி என் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. விண்ணப்பம் போட வருகிறவர்களில் ஒரு கூட்டம் ஹால் டிக்கெட் எடுக்க வருவதே இல்லை. ஃபோட்டோ எடுத்து, கையெழுத்து ஸ்கேன் பண்ணி, பணமும் கட்டியிருப்பார்கள். பிறகு ஆளைக் காணோம். "ஏம்ப்பா வரலை?" என்று கேட்கப்போய்ப் பேச்சு வளர்ந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் உட்கார ஆரம்பித்தார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. பதில்கள் என் அனுபவமும், கொஞ்சம் படித்ததும்.

இலக்கு வைக்கிறதுக்கு முன்னாடி நம்மளையே எதுக்குண்ணா பார்க்கணும்? பார்த்தா வேலை நடந்துடுமா?

நடக்காது. ஆனால் எந்த வேலை நம்மிடம் நடக்கும், எது நடக்காது என்பது ஏற்கெனவே நம் பழைய நாட்களில் எழுதிக் கிடக்கிறது. அதைப் படிக்காமல் புதிதாக எழுதுகிறோம் என்பதுதான் என் புகார்.

இதை நான் கற்றுக்கொண்டது அம்மாவிடம். தமிழ்நாட்டில் அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது 1989-ல், முதலில் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியது. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குள்தான் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. பின்னாளில் எங்கள் ஊரில் குழு வந்தபோது அம்மாதான் தீர்மான நோட்டு எழுதினார். கூட்டம் கூடியதும் முதல் வேலை, போன வாரத் தீர்மானத்தை உரக்க வாசிப்பது. "ஆளுக்கு 10 ரூபாய் சேமிப்பது" என்று எழுதியிருக்கும். 16 பேர் கட்டியிருப்பார்கள், 4 பேர் கட்டியிருக்க மாட்டார்கள். அந்த 4 பேர் விஷயம் பேசி முடிந்த பிறகுதான் புதுப் பேச்சு.

ஒரு தடவை வாரம் 20 ரூபாயாக ஏற்றலாம் என்று வந்தார்கள். அம்மா பழைய பக்கங்களைப் புரட்டினார். மாங்காய் சீசன் முடிந்து கூலி குறைகிற மாதங்களில் ஒவ்வொரு வருஷமும் பாக்கி விழுந்திருந்தது. "அந்த ரெண்டு மாசம் 10 ரூபாயாவே இருக்கட்டும், மத்த மாசம் 20" என்று எழுதினார்கள். யாரும் யாரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. நான் சுயபரிசோதனை என்று சொல்வது இதைத்தான். கண்ணை மூடி உட்காருவதை அல்ல.

எதைப் பார்க்கணும்? நோட்டை எடுத்தா ஒண்ணும் தோண மாட்டேங்குது.

தோன்றுவதை எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள். கடைசி 3 மாதம் போதும்.

முதலில் காசு. ஜிபே, ஃபோன்பே எதுவானாலும் பழைய பட்டியல் இருக்கும். எதற்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 2 வருஷமாகச் சொல்கிற ஒரு தம்பி, அதற்காகச் செலவு செய்தது பூஜ்யம். பைக்குக்கு ஸ்டிக்கரும் சைலன்சரும் மட்டும் 4,000 ரூபாய். பிறகு நேரம். போனில் எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம் என்று செட்டிங்ஸிலேயே இருக்கும். நாமே சொல்லிக்கொள்வதைவிட அந்த எண் கூடுதலாகத்தான் இருக்கும், என்னுடையதும் அப்படித்தான்.

மூன்றாவதுதான் முக்கியம், அதைப் பலர் விட்டுவிடுவார்கள். யாரும் சொல்லாமலே செய்து முடித்தது என்ன? மேலே சொன்ன தம்பி பக்கத்து வீட்டு மோட்டாரை 3 தடவை கழற்றி மாட்டியிருக்கிறான். யாரும் கூப்பிடவில்லை, காசும் வாங்கவில்லை. இங்கிலீஷைவிட இந்த ஒரு வரி அவனைப் பற்றி அதிகம் சொல்கிறது. இப்போது அவன் நோட்டில் இருக்கிற இலக்கு வேறு.

நான் ஆசைப்படுறது நிஜமா என் ஆசைதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ராயக்கோட்டை தக்காளி மண்டியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலை, ஆகஸ்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தக்காளி வைத்திருந்தவர்கள் வீட்டில் புது டிவி வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் நாற்று வாங்கினார்கள். எல்லோர் காயும் ஒரே நேரத்தில் மண்டிக்கு வந்தால் விலை என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் இதே கதை. பக்கத்துக் காட்டைப் பார்த்து நாற்று விடுகிறோம். நம் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பதில்லை.

குரூப் 4-ம் அப்படி ஆகிவிட்டது. 2024 ஜூன் 9-ல் நடந்த தேர்வை 15 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டினார்கள். எழுதாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், என் பிழைப்பே அதில்தான் பாதி. ஆனால் எழுத வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பேன். "இந்த வேலை கிடைச்ச மறுநாள் காலையில 10 மணிக்கு நீ என்ன செஞ்சிக்கிட்டு இருப்பே?" சிலர் சட்டென்று சொல்வார்கள்: விஏஓ ஆபீஸ், பட்டா, அடங்கல், ஜனங்கள். சிலர் விழிப்பார்கள். அவர்களுக்கு மாமாவிடம் சொல்லும் அந்த நிமிஷம் கண்ணுக்குத் தெரிகிறது, கல்யாணப் பேச்சு தெரிகிறது, வேலை தெரியவில்லை. அது தப்பில்லை. வீட்டுக்காகச் சம்பாதிக்க நினைப்பது இரவல் ஆசை ஆகாது. ஆனால் "எனக்கு மாசம் தவறாத சம்பளம் வேணும்" என்று நோட்டில் எழுதினால், அதற்கு 5 வழி கண்ணுக்குத் தெரியும். "குரூப் 4" என்று எழுதினால் ஒரு வழிதான்.

அமெரிக்காவில் கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் என்ற உளவியலாளர்கள் 1999-ல் இதைப் பற்றி எழுதினார்கள். தன் விருப்பத்தோடும் மதிப்போடும் பொருந்துகிற இலக்குக்கு ஆள் விடாமல் உழைக்கிறான், எட்டினால் மனதும் நிறைகிறது. வெட்கத்துக்காகவோ வற்புறுத்தலுக்காகவோ வைத்ததில் உழைப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஹால் டிக்கெட் எடுக்க வராத முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

என்னையே யோசிக்க ஆரம்பிச்சா "நான் ஏன் இப்படி"ன்னு தலை சுத்துது. ராத்திரி தூக்கம் போயிடுது.

அப்படியானால் நோட்டை மூடி வையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தன்னைப் பார்ப்பதில் இரண்டு வகை உண்டு. சூசன் நோலன் ஹோக்சிமா என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003-ல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பிரச்சினையைத் தீர்க்கிற எண்ணத்தோடு உள்ளே திரும்பிப் பார்ப்பது ஒன்று. நடந்ததையே சுற்றிச் சுற்றி வந்து நொந்துகொள்வது மற்றொன்று. செக்கு மாடு மாதிரி. நாள்போக்கில் கூடுகிற மனச்சோர்வோடு சேர்ந்து வருவது இரண்டாவது வகைதான். எனக்குத் தெரிந்த சின்ன அடையாளம் இதுதான்: 15 நிமிஷம் எழுதிய பிறகு நாளைக்குச் செய்ய ஒரு வேலையாவது கிடைத்ததா? கிடைக்கவில்லை, நெஞ்சுதான் கனக்கிறது என்றால் அது செக்கு.

"ஏன்" என்பதை "என்ன", "எப்போது" என்று மாற்றிப் பாருங்கள். "நான் ஏன் சோம்பேறி?" என்பதற்குப் பதில் கிடையாது. "போன வாரம் எந்த எந்த நாள் படிக்காமல் விட்டேன், அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்பதற்கு உண்டு.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது நோட்டால் தீர்கிற விஷயம் அல்ல. மனநல உதவிக்கு அரசு வைத்திருக்கிற இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

நமக்கு நாமே நடுநிலையா இருக்க முடியுமா? ஒண்ணு ரொம்ப திட்டிக்கிறேன், இல்லன்னா சாக்கு சொல்லிக்கிறேன்.

உங்கள் சித்தப்பா மகன் வந்து இதே கதையைச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? அதை எழுதுங்கள். "நான்" என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். "முருகன் 4 நாள் காலையில எழுந்தான், 3 நாள் எழலை. எழாத 3 நாளும் முந்தின ராத்திரி 12 மணிக்கு மேல படுத்தான்." இப்படி எழுதும்போது திட்டும் குறைகிறது, சாக்கும் குறைகிறது. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரின் 2014 ஆய்வு, தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொள்கிறவர்கள் பதற்றமான நேரத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கடக்கிறார்கள் என்று காட்டியது. கேட்கக் கூச்சமாக இருக்கும். சத்தம் போட்டா படிக்கப் போகிறோம்?

ஓசூர்ல ஷிஃப்ட் வேலை. வேலையோட 6 மாசத்துல பரீட்சைக்குத் தயாராக முடியுமா?

முடியுமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் பழைய 6 மாதத்திடம் கேளுங்கள். நானும் ஓசூரில் 6 வருஷம் கம்பெனி லைனில் நின்றவன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் புத்தகத்தைத் திறந்தது எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும்.

கணக்குப் போடும்போது நாம் எல்லோரும் தப்புப் பண்ணுவோம். கனடாவில் ரோஜர் பியூலரும் மற்ற இருவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாம் கோணலாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமாக நினைத்துப் பார்த்தும் எட்டவில்லை பாருங்கள். அவர்கள் ஒரு வாரம் சி ஷிஃப்ட்டுக்கு, அதாவது நைட்டுக்கு, போகிறவர்களும் இல்லை.

அதனால் ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஏ ஷிஃப்ட் வாரத்தில் தினம் எத்தனை மணி நேரம் படித்தேன், பி-யில் எத்தனை, சி-யில் எத்தனை. நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு நேர்மையாகப் பூஜ்யம் போட்டுவிட்டால் மிச்ச வாரங்களின் திட்டம் நிற்கும். கம்பெனி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் தூங்காமல் வந்தீர்களா என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

குரூப் 4 என்றால் இன்னொன்று. 200 கேள்வி, 300 மார்க். இதில் 100 கேள்வி தமிழ்; அதில் 40 சதவீதம் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பழைய தமிழ் வினாத்தாள் ஒன்றை விண்ணப்பம் போடும் முன்பே நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று அந்த ஒன்றே சொல்லிவிடும்.

காலையில 4 மணிக்கு எழுந்தா ராத்திரி 10 ஆகுது. தனியா உட்கார்ந்து யோசிக்க எனக்கு எங்க நேரம்?

இதைக் கேட்டவர் பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற அக்கா. நான் தினம் 10 நிமிஷம் என்று ஏதோ சொல்ல, "நாலாவது தோல் உரிச்ச பிறகு புழு தின்கிற தீனியைப் பார்த்திருக்கியா தம்பி? மல்பெரி வெட்டிப் போட்டு முடியாது. அந்த வாரம் என் பேரே எனக்கு மறந்துடும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வழியையும் அவரே சொன்னார். ஒரு தொகுதி வளர்க்க மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கூட்டை தர்மபுரி மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்ததும், அடுத்த முட்டைத் தொகுதி வாங்கும் முன் மனையைக் கழுவி மருந்து அடித்துக் காயவிட வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு நாள் அவர் கணக்கு நோட்டைத் திறக்கிறார். கூடு என்ன விலை போனது, எத்தனை புழு நோயில் போனது, எந்த ராத்திரி சுத்தமாக முடியவில்லை, யார் உதவினார்கள். கடைசிப் பக்கத்தில் அவருக்காக ஒரு வரி: "எனக்கு என்ன ஆச்சு?" அவ்வளவுதான். அந்த வரிகளிலிருந்துதான், புழு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு தையல் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்.

தினம் எழுத வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வதை அதோடு நிறுத்திவிட்டேன். உங்கள் வேலைக்கு ஒரு சுற்று இருக்கும். சுற்றின் முடிவில் எழுதுங்கள்.

எங்க வீட்டுல தெலுங்கு. பள்ளிக்கூடத்துல தமிழ். கம்பெனில இங்கிலீஷ் கலந்து. எதுல எழுதணும்?

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் இது நியாயமான கேள்வி. கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்களோ அதில் எழுதுங்கள். தெலுங்கை, கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் யார் கேட்கப்போகிறார்கள்? அழகான தமிழில் எழுத ஆரம்பித்தால் நம்மைப் பற்றி அழகான பொய்கள் வந்துவிடும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் அப்படித்தான்.

ஜெயிச்ச மாதிரியே தினம் கற்பனை பண்ணினா நடக்கும்னு வீடியோல சொல்றாங்களே?

அதோடு நின்றால் கெடுதல். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1991-ல் எடை குறைக்க வந்த பெண்களைக் கவனித்தார். ஒல்லியான தன்னை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள்தான் குறைவாக எடை இழந்தார்கள். அவர் சொல்லும் முறை, ஆசையை நினைத்த கையோடு அதற்குக் குறுக்கே நிற்கிற தன் பக்கத்துத் தடையையும் நினைப்பது. தடையென்றால் வெளியே இருப்பதல்ல, எனக்குள் இருப்பது. பிறகு "அது வந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி. "சாப்பிட்டதும் போனை எடுக்கத் தோணினா, போனை அம்மாகிட்ட குடுத்துட்டு மாடிக்குப் போவேன்." இந்த மாதிரி வரி எழுதியவர்கள் எங்களிடையே கொஞ்சம் நிலைத்திருக்கிறார்கள்.

21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்ல?

லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துப் பார்த்தபோது நடுவாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. 22-ம் நாள் பழக்கமாகவில்லை என்று நோட்டைக் கிழிக்காதீர்கள்.

ஜனவரி 1-ல ஆரம்பிக்கலாமா, பொங்கலுக்கா?

யுகாதி, ஆடி 18, பிறந்தநாள், எது வேண்டுமானாலும். புது நாளுக்கு ஒரு உந்துதல் உண்டு. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் எனக்கு முக்கியம். பழைய நோட்டைப் படிக்க ஒரு நாள் வேண்டுமே.

வீட்டுல சொல்லலாமா, ரகசியமா வைக்கலாமா?

ஒரு ஆளிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அடுத்த மாதம் "என்ன ஆச்சு?" என்று விசாரிக்கிற ஆளாக இருக்க வேண்டும், கல்யாண வீட்டில் எல்லோர் முன்பும் விசாரிக்கிற ஆளாக இருக்கக் கூடாது. நம் ஊரில் இரண்டாவது வகைதான் நிறைய.

வச்ச இலக்கை எப்போ விடலாம்? விட்டா தோத்துட்டோம்னு ஆகாதா?

என் கதையைச் சொல்கிறேன். லைனில் இருந்த காலத்தில் தபால் வழியில் எம்பிஏ படிக்க வேண்டும் என்று 3 வருஷம் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். 2 தடவை ஃபீஸ் கட்டினேன். புத்தகக் கட்டு பிரிக்காமலே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் இலக்கை இன்னும் கறாராக எழுதினேன்; தேதி போட்டேன், சிவப்பு மையில் எழுதினேன். பழைய 3 நோட்டையும் ஒன்றாக வைத்துப் படித்த அன்றுதான் தெரிந்தது. எம்பிஏ என்ற சொல் எழுதியிருந்த ஒவ்வொரு இடத்துக்கும் மேலேயோ கீழேயோ நைட் ஷிஃப்ட் பற்றி ஒரு வரி இருந்தது. கண் எரிச்சல், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது போக முடியாதது, பிள்ளை என்னைப் பார்த்து அழுதது. எனக்கு வேண்டியது எம்பிஏ அல்ல. ராத்திரி வீட்டில் தூங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு எம்பிஏ ஒரு சுற்று வழி, எனக்குப் பிடிக்காத வழி.

நோட்டில் எம்பிஏவை அடித்துவிட்டேன். அடுத்த வருஷம் கடை.

ஆனால் ஒரே வருஷத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களைக் கேளுங்கள். அல்போன்சா ஒரு வருஷம் காய்த்துத் தள்ளும், மறு வருஷம் ஏமாற்றும். பெங்களூரா அப்படி ஏமாற்றாது. காய்க்காத வருஷத்தில் அல்போன்சாவை யாரும் வெட்டிப் போடுவதில்லை. காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்வார்கள், காய்ந்த கிளை, உள்பக்கம் வெளிச்சம் மறைக்கிற கிளை. மரம் நிற்கும். உங்கள் இலக்கிலும் எது மரம், எது கிளை என்று பார்க்க 2 வருஷ நோட்டாவது கையில் வேண்டும்.

பிளஸ் 2 படிக்கிற பையனுக்கு இதைச் சொல்லித் தரலாமா?

சொல்லித் தர வேண்டாம். நீங்கள் எழுதுவதை அவன் பார்க்கட்டும். அவன் நோட்டை மட்டும் நீங்கள் திறந்து பார்த்துவிடாதீர்கள். ஒரு தடவை பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அதில் உங்களுக்காகத்தான் எழுதுவான்.

நோட்டு தீர்ந்து போனா என்ன பண்றது? பழசைத் தூக்கிப் போட்டுடலாமா?

அம்மாவின் தீர்மான நோட்டுகள் 7 இன்னும் வீட்டு அட்டத்தில் இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தை எலி தின்றுவிட்டது. என் கடையில் 40 ரூபாய் நோட்டு கிடைக்கும். வாங்க வருகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டு வாருங்கள். பேசிக்கொண்டே முதல் பக்கத்துக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்து எழுதலாம். சனிக்கிழமை 6 மணிக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும்.